நைஸ்

1979-இல் நடந்தது. நண்பர் ஒருவர் மதுரையில் தம் மாமனாரின் மாவு மில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவிதை எழுதுகிறவர். மில் ஓடுகிற நேரத்தில் எடை போடுவார், கூலி வாங்குவார், பெல்ட் நழுவினால் எடுத்து மாட்டுவார். மின்சாரம் போன நேரத்தில் கவிதை எழுதுவார். ஒரு கணக்கு நோட்டின் முன்பக்கத்திலிருந்து கணக்கு வரும். பின்பக்கத்திலிருந்து கவிதை வரும். இரண்டும் நடுவில் சந்திக்கும்போது நோட்டு முடிந்துவிடும். அப்படி முடிந்துபோன ஒரு நோட்டை என்னிடம் கொடுத்து, படித்துவிட்டுச் சொல்லச் சொன்னார். 11 கவிதைகள் இருந்தன. தாள் இடுக்கில் கேழ்வரகு மாவு இருந்தது.

ஒரு வாரம் கழித்து மில்லுக்குப் போனேன். மில் ஓடிக்கொண்டிருந்தது. எப்படி என்று கேட்டார். சத்தத்தில் விளக்கமாகப் பேச முடியாது என்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. “நைஸ்” என்றேன்.

“நைஸா? இடியாப்பத்துக்கு ஆகுமா?” என்றார்.

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கேட்டுவிட்டு, டின்னை நீட்டிக்கொண்டு நின்ற ஒரு அம்மாளின் பக்கம் திரும்பிக்கொண்டார். நோட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு வேறு எந்த நோட்டையும் அவர் என்னிடம் கொடுக்கவும் இல்லை.

அன்றிரவு வீட்டுக்கு வந்து ஆங்கில அகராதியைப் புரட்டினேன். ஆராய்ச்சி ஆர்வம் ஒன்றும் இல்லை; கோபம்தான். நான் சொன்ன சொல் கேலிக்குரியதல்ல, கௌரவமான பாராட்டுதான் என்று எனக்கே நிரூபித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அகராதி எனக்கு அனுகூலமாகச் சாட்சி சொல்லவில்லை. அன்று தொடங்கிய விசாரணை வருஷக் கணக்கில் விட்டு விட்டுத் தொடர்ந்து வந்திருக்கிறது. அதில் எனக்குத் தெளிவானவற்றை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

இந்தச் சொல்லின் பூர்வீகம் லத்தீன். ‘ஸ்கீரே’ என்றால் அறிதல். அதற்கு முன்னால் எதிர்மறையைச் சேர்த்தால் ‘நெஸ்கியுஸ்’: அறியாதவன். சயன்ஸ் என்ற சொல்லும் மனசாட்சியைக் குறிக்கும் கான்ஷியன்ஸ் என்ற சொல்லும் இதே ‘அறிதல்’ என்ற வேரில் கிளைத்தவை. நைஸ் அந்தக் குடும்பத்தில் பிறந்த முட்டாள் பிள்ளை. பழைய பிரெஞ்சில் இந்தச் சொல் தேய்ந்து, சிறுத்து, ‘மூடன்’, ‘பேதை’ என்ற பொருளில் வழங்கியது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவையும் நீதிமன்றமும் பல தலைமுறைகளுக்குப் பிரெஞ்சு பேசின. அந்த வழியில் வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான சொற்களில் இதுவும் ஒன்று. 1300-ஐ ஒட்டி ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகிறது. அன்றைக்கு உச்சரிப்பு ‘நைஸ்’ அல்ல, ‘நீஸ்’. 15-ஆம் நூற்றாண்டு தொடங்கி 17-ஆம் நூற்றாண்டு வரையில் ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் எல்லாம் இடம் பெயர்ந்தபோதுதான் ஈகாரம் ஐகாரமாயிற்று. 1400-இல் இறந்த சாஸர் இந்தச் சொல்லை எழுதும்போது பெரும்பாலும் முட்டாள்தனத்தையே சொல்கிறார். அவரிடம் போய் உங்கள் கவிதை நைஸ் என்று நான் சொல்லியிருந்தால் மாவு மில்லில் கிடைத்ததைவிடக் கடுமையான பதில் கிடைத்திருக்கும்.

அறியாமையைக் குறித்த சொல் எப்படிப் பாராட்டாக மாறியது? ஒரே தாவலில் அல்ல. ஒவ்வொரு அடியும் சிறியது, ஒவ்வொன்றும் நியாயமானது. மூடன் அளவு தெரியாமல் உடுத்துவான், அளவு தெரியாமல் நடந்துகொள்வான். ஆகவே ஆடம்பரம், காமாந்தகாரம் என்ற பொருள்கள் ஒரு பக்கம் கிளைத்தன. இன்னொரு பக்கம், உலகம் அறியாதவன் கூச்சப்படுவான். எதையும் தொடத் தயங்குவான். கூச்சத்திலிருந்து தயக்கம். தயக்கத்திலிருந்து, இது வேண்டாம் அது வேண்டாம் என்று பொறுக்கும் குணம். சாப்பாட்டிலும் உடையிலும் நொட்டைச் சொல்லுகிறவன் ‘நைஸ்’ ஆனான். பொறுக்குகிறவனுக்குச் சிறு வித்தியாசங்கள் தெரியும். ஆகவே நுட்பம், துல்லியம், மயிரிழை பேதத்தைக் காணும் கூர்மை ஆகியவை 16-ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல்லின் பொருளாயின. அறியாதவன் என்று தொடங்கிய சொல், மற்றவர் அறியாததை அறிகிறவனுக்கு உரியதாயிற்று. ஏறத்தாழ 300 வருஷங்களில் ஒரு சொல் தனக்கு நேர் எதிரான இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இதைப் படித்தபோது ஆச்சரியப்பட்டேன். ஆனால் தமிழில் வளர்ந்தவன் ஆச்சரியப்பட நியாயம் இல்லை. நம்மிடம் ‘மடம்’ இருக்கிறது. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று பெண்ணுக்கு விதித்த நான்கில் இரண்டாவது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியைப் பாருங்கள். மடத்துக்கு அறியாமை என்றும் பொருள் இருக்கிறது, மென்மை என்றும் இருக்கிறது, அழகு என்றும் இருக்கிறது. அறியாமை கபடமின்மையாகி, கபடமின்மை மென்மையாகி, மென்மை அழகாகியிருக்கிறது. மடமானும் மடவன்னமும் முட்டாள் மானும் முட்டாள் அன்னமும் அல்ல. பெண் ஒன்றும் தெரியாதவளாக இருப்பது, அல்லது தெரிந்தாலும் தெரியாதவளாகத் தோன்றுவது, ஒரு சமூகத்துக்கு இனிமையாகப்பட்டது. அந்த இனிமை சொல்லில் படிந்தது. சொல்லின் சரித்திரத்தில் ஒரு சமூகத்தின் விருப்பம் அகப்பட்டுக்கொள்கிறது என்பதற்கு இதைவிட ஸ்தூலமான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் முடிவு வேறு. ஆங்கிலம் நைஸின் தொடக்கத்தை மறந்துவிட்டது; முட்டாள் என்ற பொருள் இன்று அகராதியில் மட்டும். தமிழோ மடத்தின் பிற்பகுதியை மறந்தது. இன்று யாரிடமாவது மடம் என்று சொன்னால் சந்நியாசிகள் இருக்கும் இடம் நினைவுக்கு வரும். மடத்தனம் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். அழகு போய்விட்டது, அறியாமை திரும்பி வந்துவிட்டது.

மறுபடி இங்கிலாந்துக்குப் போவோம். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் நைஸ் என்ற சொல் பழைய பொருள்களையும் புதிய பொருள்களையும் ஒரே சமயத்தில் சுமந்துகொண்டிருந்தது. முட்டாள், ஆடம்பரன், கூச்சமுள்ளவன், பொறுக்கி எடுப்பவன், நுட்பமானது, அற்பமானது எல்லாம் ஒரே சொல்லுக்குள். 1928-இல் முடிந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியைத் தொகுத்தவர்களே, அந்தக் காலத்து வாக்கியங்கள் பலவற்றில் எழுதியவர் எந்தப் பொருளில் எழுதினார் என்று தீர்மானிக்க முடியவில்லை என்று ஒத்துக்கொள்கிறார்கள். ‘ரோமியோவும் ஜூலியட்டும்’ நாடகத்தில் போய்ச் சேராத கடிதம் ஒன்று இருக்கிறது. அது போய்ச் சேர்ந்திருந்தால் இருவரும் பிழைத்திருப்பார்கள். அந்தக் கடிதத்தைப் பற்றிப் பாதிரியார் பேசும்போது இந்தச் சொல்லை எதிர்மறையில் கையாள்கிறார்; அது அற்பமானதல்ல, தலைபோகிற விஷயம் என்று அர்த்தம். ‘ஜூலியஸ் சீஸர்’ நாடகத்தில் புரூட்டஸோடு சச்சரவிடும் காஸியஸ், சின்னச் சின்னக் குற்றத்தையெல்லாம் இப்போதா விசாரிப்பது என்று அங்கலாய்க்கும்போதும் இதே சொல். நுட்பமானது சிறியது, சிறியது அற்பம், அப்படி ஒரு கிளை. இன்றைய மாணவன் இன்றைய பொருளை வைத்துக்கொண்டு இந்த இடங்களைப் படித்தால், பாதிரியார் அந்தக் கடிதத்தின் நடையைக் குறைகூறுகிறார் என்று நினைப்பான்.

1755-இல் ஜான்சன் தம் அகராதியை வெளியிட்டபோது குழப்பம் ஓரளவு அடங்கியிருந்தது. அவர் தரும் பொருள்களில் துல்லியமும் நுட்பமும் அளவுக்கு மீறிய கவனமும் பொறுக்கும் குணமும்தான் முன்னால் நிற்கின்றன. தீர்ப்பில் மிகச் சிறிய பேதத்தையும் தவறவிடாத தன்மை: ஒரு விமர்சகனுக்கு இதைவிட நல்ல வரையறை எழுத முடியுமா என்று தெரியவில்லை. ஆனால் அகராதி அச்சேறிய அதே நூற்றாண்டில் சொல் மறுபடி நழுவிக்கொண்டிருந்தது. நுட்பமானது ரசிக்கத் தக்கது. ரசிக்கத் தக்கது இனியது. இனியது எதுவும் நைஸ். நல்ல வெயில், நல்ல டீ, நல்ல பெண், நல்ல புத்தகம்.

இந்தக் கடைசி நழுவலைக் கையும் களவுமாகப் பிடித்தவர் ஜேன் ஆஸ்டின். ‘நார்த்தாங்கர் ஆபி’ என்ற நாவலை அவர் 18-ஆம் நூற்றாண்டு முடியும் சமயத்தில் எழுதினார். 1803-இல் ஒரு பதிப்பாளர் அதை வாங்கி, அச்சிடாமலே வைத்துக்கொண்டார். அவர் இறந்த பிறகு, 1817-இன் கடைசியில்தான் அது வெளிவந்தது. அதில் காதரின் என்ற பெண் தான் படித்த ஒரு திகில் நாவலை நைஸ் என்கிறாள். ஹென்றி என்ற வாலிபன் பிடித்துக்கொள்கிறான். பைண்டிங் நன்றாக இருப்பதைச் சொல்கிறாயா என்ற தோரணையில் தொடங்கி, இன்று எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்தானா, ஆதியில் இது நேர்த்தியையும் நுண்மையையும் மட்டும் குறித்த சொல் அல்லவா என்று உபதேசம் செய்கிறான்.

இந்த இடத்தை ஆங்கிலப் பேராசிரியர்கள் வெகுகாலமாக மேற்கோள் காட்டி வருகிறார்கள். சொல்லைப் பாழடிப்பவர்களுக்கு ஆஸ்டின் கொடுத்த சூடு என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலாவது, ஹென்றி சொல்லும் ‘ஆதி’ ஆதி அல்ல. பாதி வழியில் இருக்கிற ஒரு சத்திரத்தை அவன் சொல்லின் பிறந்த வீடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். உண்மையான ஆதிக்குப் போனால் முட்டாள்தான் இருப்பான். சொல்லின் தூய்மை பேசுகிறவர்கள் எல்லோருக்கும் இந்த விபத்து நேரும். தங்களுக்குப் பிடித்த ஒரு கட்டத்தில் சரித்திரத்தை நிறுத்தி, அதுதான் மூலம் என்பார்கள். தமிழிலும் இப்படிப்பட்ட ஹென்றிகளை நாம் நிறையப் பார்த்தாயிற்று. நாற்றம் என்றால் ஒரு காலத்தில் நறுமணம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதற்காக யாரும் மல்லிகைப் பூவின் நாற்றத்தைப் புகழ்ந்து வீட்டில் நிம்மதியாக இருக்க முடியாது.

இரண்டாவது, ஹென்றிக்குப் பதில் கிடைக்கிறது. பக்கத்தில் இருக்கும் அவன் தங்கை எலினார், இந்தச் சொல் உனக்குத்தான் பொருந்தும், அதுவும் பாராட்டாக அல்ல என்கிறாள். உனக்கு விவேகத்தைவிட இந்தப் பொறுக்கும் புத்திதான் அதிகம் என்று பொருள்படப் பேசுகிறாள். அதாவது, செத்துப்போய்விட்டதாக அவன் அழுத பழைய பொருளை உயிரோடு எடுத்து அவன் மேலேயே எறிகிறாள். அந்த உரையாடலில் சொல்லை மிகத் துல்லியமாகக் கையாண்டது உபதேசம் செய்தவன் அல்ல, குறும்பாகப் பேசிய தங்கை. ஆஸ்டினின் சூடு யாருக்கு என்பது அவ்வளவு சுலபமான கேள்வி அல்ல.

1926-இல் ஆங்கில வழக்குப் பற்றிக் கையேடு எழுதிய ஃபவுலர், பெண்கள் செல்லம் கொடுத்துத்தான் இந்தச் சொல் கெட்டது, தன் தனித்தன்மையை எல்லாம் இழந்து மிதமான ஒரு இனிமையைப் பரப்புவதோடு நின்றுவிட்டது என்றார். எலினாரை அவர் மறந்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். காரணத்தைச் சரியாகத் தொட்டவர் சி. எஸ். லூயிஸ். 1960-இல் வெளிவந்த ‘ஸ்டடீஸ் இன் வேர்ட்ஸ்’ நூலில் சொற்கொலை பற்றிப் பேசுகிறார். சொற்கள் சாவதற்குப் பெரிய காரணம், மனிதர்களுக்கு ஒன்றை விவரிப்பதில் இருக்கும் அக்கறையைவிட, தங்களுக்கு அது பிடிக்கிறது அல்லது பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொள்வதில் அக்கறை அதிகம் என்கிறார். விவரித்துக்கொண்டிருந்த சொல் தீர்ப்புச் சொல்லத் தொடங்கும். பிறகு தீர்ப்பு மட்டுமே மிஞ்சும். கடைசியில் அது ‘நல்லது’ என்பதற்கு இன்னொரு உருப்படாத மாற்றுச் சொல்லாகிவிடும். நைஸ் போன பாதை இதுதான். ஆங்கிலத்தில் பழைய துல்லியம் முழுக்கப் போய்விடவில்லை. வக்கீல்கள் ஒரு சட்டப் பிரச்சினையை நைஸ் பாயின்ட் என்றால், மயிரிழையில் முடிவு தொங்குகிறது என்று பொருள். இனிப்பான பிரச்சினை என்று பொருள் அல்ல. ஆனால் அது ஓரத்தில் ஒதுங்கி இருக்கும் உயிர்.

இழப்பு என்ன என்று சரியாகச் சொல்ல வேண்டும். மூலப் பொருள் போனது இழப்பு அல்ல; முட்டாள் என்ற பொருள் போனதற்கு யாரும் துக்கப்பட வேண்டாம். பேதம் பிரிப்பதைக் குறித்த சொல் பேதம் பிரிக்காமல் இருப்பதற்கு உதவும் சொல்லாக மாறியதுதான் இழப்பு. நைஸ் என்று சொல்லத் தகுதி பெற ஒரு காலத்தில் உற்றுப் பார்த்திருக்க வேண்டும். இப்போது உற்றுப் பார்க்காதவன் சொல்வது நைஸ்.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகும் என் நண்பரின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. அவர் சாஸரைப் படித்ததில்லை. படித்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவருடைய நைஸ் வேறு நைஸ். அதைத் தேடி அகராதிக்குப் போக வேண்டியதில்லை, அடுக்களைக்குப் போனால் போதும்.

தமிழ் இந்தச் சொல்லை ஆங்கிலேயனிடமிருந்து எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டு தனக்கு வேண்டிய வேலையைக் கொடுத்தது. உளுந்தை நைஸாக அரைக்க வேண்டும், அரிசி கொஞ்சம் கொரகொரப்பாக இருக்க வேண்டும்; அப்போதுதான் இட்லி இட்லியாக இருக்கும். இடியாப்ப மாவு நைஸாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அச்சில் அடைத்துக்கொள்ளும். பூச்சு வேலைக்கு மணலைச் சலித்து நைஸாக எடுக்க வேண்டும். துணி நைஸாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறார்கள். இங்கே நைஸ் பாராட்டு அல்ல, அளவு. அதற்கு ஒரு எதிர்ச்சொல் இருக்கிறது, பரிசோதிக்க ஒரு முறை இருக்கிறது: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பது. அரிசி நைஸாகிவிட்டது என்றால் அது குறை. உளுந்து நைஸாகவில்லை என்றால் அது குறை. ஜான்சன் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். இங்கிலீஷ்காரன் தொலைத்துவிட்ட நுண்மை என்ற பொருளை நம் வீட்டுப் பெண்கள் அம்மிப் பக்கத்தில் எடுத்து வைத்திருக்கிறார்கள். ஃபவுலருக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

தமிழில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. கூட்டத்திலிருந்து ஒருவன் நைஸாக நழுவிவிடுகிறான். கடன்காரனை நைஸாகப் பேசி அனுப்பிவிடுகிறான். நைஸ் பண்ணிக் காரியம் சாதித்துக்கொள்கிறான். ‘நைச்சியமாகப் பேசி’ என்று ஏற்கனவே நம்மிடம் இருந்தது. நீசத்திலிருந்து வந்த வடசொல். வைஷ்ணவர்களிடம் பகவானுக்கு முன்னால் தன்னைத் தாழ்த்திக்கொள்வது, பேச்சு வழக்கில் குழைந்து பேசிக் காரியம் பார்ப்பது. நைஸ் வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தபோது, ஒலி ஒற்றுமையில் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன என்றே எனக்குத் தோன்றுகிறது. மாவின் நைஸும் மனிதனின் நைஸும் வேறு வேறு அல்ல. இரண்டிலும் கையில் எதுவும் உறுத்தாது. உராய்வு இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். ஆங்கிலத்தில் ‘பிரிட்டி’ என்ற சொல் தந்திரம் என்ற பொருளில் தொடங்கி அழகு என்ற பொருளில் முடிந்தது. நைஸ் தமிழுக்கு வந்து அதற்கு எதிர்த்திசையில், நேர்த்தியிலிருந்து தந்திரத்துக்குப் போயிருக்கிறது.

இது புரிந்த அன்றுதான் நான் மில்லில் என்ன செய்தேன் என்பது எனக்கு விளங்கியது. நான் சொன்ன நைஸ் ஆங்கிலப் பாராட்டு அல்ல. தமிழ் நைஸ். நைஸாக நழுவினேன். அவர் அதைக் கண்டுகொண்டார்.

இதை என் சொந்தக் குற்ற வாக்குமூலமாக மட்டும் எழுதவில்லை. தமிழில் விமர்சனம் என்று நடப்பதில் பெரும்பகுதி இந்த நழுவல்தான் என்பது என் அபிப்பிராயம். பள்ளிக்கூடத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஒரு பாட்டைக் கொடுத்து ‘நயம் பாராட்டுக’ என்று கேட்கிறார்கள். பாராட்டுவதா வேண்டாமா என்ற கேள்வியே பையனுக்குக் கிடையாது. பாராட்டு என்பது கட்டளை. எதுகை நயம், மோனை நயம், பொருள் நயம் என்று தலைப்புகளும் தயாராக இருக்கின்றன. நயம் என்பதும் ஒரு காலத்தில் சுத்தமான, தரமான ஒன்றைச் சுட்டிய சொல். நயமான நெய் என்றால் கலப்படம் இல்லாத நெய். அதுவே வஞ்சகத்தோடு சேர்ந்து நயவஞ்சகமும் ஆயிற்று. நயத்துக்கும் நைஸுக்கும் பிறப்பில் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் விதி ஒன்றாகத்தான் இருக்கிறது.

டி.கே.சி. கவிதையைச் சொல்லிச் சொல்லி அனுபவிக்கச் செய்தார். அவர் முன்னால் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு அது ஒரு அனுபவம். அந்த ரசனைக்குப் பின்னால் எந்தச் சொல்லில் நிற்க வேண்டும், எங்கே குரல் இறங்க வேண்டும் என்ற காது இருந்தது. காது இல்லாமல் ரசனையை மட்டும் எடுத்துக்கொண்டவர்களிடம் மிஞ்சியது ‘ஆஹா’. 1959-இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ தொடங்கியபோது அலசல் என்ற சொல்லை அழுத்திச் சொன்னார். துணியை அலசுவது, பாத்திரத்தை அலசுவது போன்ற சொல்தான். கையை நனைத்துக்கொள்ளாமல் செய்ய முடியாத வேலை. ரசனையா அலசலா என்ற அந்தக் காலத்துத் தகராறில் யார் பக்கம் நின்றாலும், இரண்டு பக்கத்திலும் ஒரு சங்கடம் இருந்தது: ஒரு கவிதையைப் பற்றி ஏதாவது சொல்லியாக வேண்டும் என்ற சங்கடம். ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் ஆசிரியர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்ததை 1929-இல் புத்தகமாகப் போட்டார். நன்றாகப் படித்த பையன்கள். கவிதையின் நேரடிப் பொருளே பலருக்குப் பிடிபடவில்லை. ஆனால் பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று சொல்வதில் யாரும் பின்வாங்கவில்லை. அவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். அவர்கள் எழுதியாவது கொடுத்தார்கள்.

நமக்கு அந்தச் சங்கடமும் போய்விட்டது. சிறிய வட்டம் நம்முடையது. நூறு பேர் எழுதுகிறோம், அதே நூறு பேர் படிக்கிறோம். ஒருவருக்கொருவர் முகம் தெரியும். ஆகவே ‘நல்லா இருக்கு’. போனில் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினால் அதுவும் சொல்ல வேண்டியதில்லை. மாவைத் தேய்த்துப் பார்க்கிற விரல் அது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. நல்லெண்ணம் என்று இதற்குப் பெயர் சொல்கிறோம். ஒருவனுடைய ஐந்து வருஷ எழுத்தை ஒரு சொல்லில் முடித்து அனுப்புவது நல்லெண்ணமா? திட்டினால்கூட அவன் எழுதியதை நாம் படித்தோம் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. நைஸ் என்ற சொல்லில் அந்த அத்தாட்சி இல்லை. படிக்காமலே சொல்ல முடிகிற பாராட்டு பாராட்டு அல்ல.

நண்பர் 2004-இல் இறந்துபோனார். மில் அதற்கு முன்பே கை மாறிவிட்டது. அவர் வேறு ஏதாவது எழுதினாரா என்று அவர் வீட்டில் கேட்டேன். கணக்கு நோட்டுகள் இருந்தன. பின்பக்கம் எல்லாம் காலியாக இருந்தன. என்னால்தான் அவர் எழுதாமல் போனார் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு எனக்கு அகங்காரம் இல்லை. மனிதர்கள் எழுதாமல் போவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். அதில் ஒன்று நான் என்பது போதும்.

என்னிடம் இருக்கும் நோட்டை இந்தக் கட்டுரைக்காக மறுபடி எடுத்துப் படித்தேன். ஆறாவது கவிதை கல் கொத்துகிறவரைப் பற்றியது. மாவு அரைக்கிற கல் ஓடி ஓடி வழவழப்பாகிவிடும். வழவழப்பான கல் அரைக்காது, தானியத்தைச் சூடாக்கும், அவ்வளவுதான். அப்போது உளி வைத்திருக்கும் ஒருவர் வந்து கல்லைக் கழற்றிப் போட்டு, அதன் முகத்தில் மறுபடி குழி குழியாகக் கொத்திக் கொடுத்துவிட்டுப் போவார். அவர் வருகிறார், கொத்துகிறார், போகிறார். அவ்வளவுதான் கவிதை. இதைப் படித்துவிட்டுத்தான் நான் நைஸ் என்றிருக்கிறேன்.

அன்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். முதல் ஐந்து வரியில் உளிச் சத்தம் கேட்கிறது. அதற்குக் காரணம் வல்லினம் அல்ல, ஒவ்வொரு வரியும் சட்டென்று நின்றுவிடுவது. எட்டாவது வரியில் ‘காலம்’ என்ற சொல் வேண்டாம். கல் இருக்கிறது, அது போதும். கடைசி இரண்டு வரிகள் கவிதை ஏற்கனவே சொன்னதை விளக்குகின்றன, அடித்துவிடுங்கள். ஆனால் கொத்துகிறவர் கிளம்பும்போது தம் கண்ணில் விழுந்த கல்தூளைத் துடைத்துக்கொள்கிற வரி இருக்கிறதே, அதைத் தொடாதீர்கள். இடியாப்பத்துக்கு ஆகாது. கொரகொரப்பாக இருக்கிறது.